மீன் வரும் நேரத்துப் பாட்டு

எமோசி மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நேற்று இன்று வந்ததல்ல, வருஷக்கணக்காக நெஞ்சில் கிடப்பது. சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னை ஒரு நாளும் வாயைத் திறந்து பாட விட்டதில்லை.

எனக்குக் குரல் பெரிது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நான் கீழ்க்குரல் எடுத்தால் முன்வரிசைப் பெஞ்சில் கைவைத்திருப்பவர்களுக்கு அதிர்வு தெரியும் என்று போதகரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவனை ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் நிறுத்தி, ‘ம்’ என்று முனகினால் போதும் என்றான் எமோசி. முனகினேன். எத்தனையோ வருஷம் முனகினேன். என்றைக்காவது குரல் கொஞ்சம் ஏறிவிட்டால், பாயில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே என் கணுக்காலில் ஒரு உதை விடுவான். கட்டைவிரல் இல்லாத கால் அது. பவளப்பாறையில் போனது. விரல் இல்லாத காலால் உதைத்தால் அதிகம் வலிக்கும், அது ஏனென்று எனக்குத் தெரியாது.

“மச்சான், தட்டுல கிடக்குற மீன் செத்துப்போச்சு. நீ பாடி அதை எழுப்பாதே” என்பான்.

மச்சான் என்றால் இரட்டை மச்சான். அவன் என் தாய்மாமன் மகன். அவன் தங்கை அசெனதா என் மனைவி. தென்கடலில் இருக்கிற எங்கள் தவேயுனித் தீவில் மச்சானும் மச்சானும் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். செத்தவனின் சவப்பெட்டிப் பக்கத்தில் நின்றுகூடக் கேலி பேசலாம், கோபிக்கக் கூடாது. ஆனால் அண்ணனும் தங்கையும் வளர்ந்த பிறகு நேருக்கு நேர் பேசக் கூடாது. அது மரியாதை. அசெனதாவுக்கு அதே ஓட்டலில் சமையற்கட்டு. எமோசிக்குக் கூடத்தில் பாட்டு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி கொண்டுபோவது என் வேலை. பாட்டுக்காரன் என்று பெயர், பார்த்தது பாதி நேரம் தபால்காரன் வேலை.

பகலில் எமோசி கொப்பரை போடுகிறவன். மற்றவர்கள் மாதிரிதான், தேங்காய் உடைத்து, பருப்பை நோண்டி, சூளையில் காயவைப்பான். சாயங்காலம் கையில் புகைநாற்றம் போக எலுமிச்சையைப் பிழிந்து முழங்கை வரைக்கும் தேய்ப்பான். சாப்பிடுகிறவனுக்குப் பக்கத்தில் போகிற கை நாறக்கூடாது என்பான். பிறகு பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் நாலு கம்பிக் குட்டிக் கித்தாரான உகுலேலேயை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவான். எங்கள் குழுவில் மூன்று பேர். எமோசிக்கு உகுலேலே. தொந்தி பெருத்த தனியேலாவுக்குக் கித்தார். எனக்குப் பாஸ் என்கிற அடிச்சுருதிக் கருவி: தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, கம்பு நட்டு, ஒற்றைக் கயிறு கட்டியது. இழுத்துத் தெறித்தால் ‘டும்’ என்னும்.

பாடுகிற எவனும் கைதட்டலுக்குத்தான் பாடுவான். எமோசி அப்படியில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வராது. யாரும் தட்டவில்லை, யாரும் பார்க்கவில்லை, எல்லாத் தட்டும் காலியாகப் போனது என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விசிலடிப்பான். அவன் விருந்தாளிகளின் முகத்தைப் பார்க்க மாட்டான். கைகளைப் பார்ப்பான். கரண்டி வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா, எங்கேயாவது நின்றுவிட்டதா. இது ஒரு பைத்தியம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும் பைத்தியம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வேறு மாதிரி.

அந்த வருஷம் ஓட்டலுக்குப் புது மேனேஜர் வந்தாள். பிலிப்பா என்று பெயர், நியூசிலாந்துக்காரி. கெட்டவள் இல்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருப்பாள், உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. வரும்போது இளநீர்க்காய் அளவில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர் கொண்டுவந்தாள். அதைச் சாப்பாட்டுக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். காலையில் புறப்படுகிற விருந்தாளிகளுக்குப் படகுத்துறையில் விடைப்பாட்டுப் பாடுவது உங்கள் வேலை, அதில் மாற்றமில்லை, சாப்பாட்டு நேரத்துக்கு இனி இது போதும் என்றாள். தனியேலா தலையாட்டிவிட்டான். நானும் ஆட்டியிருப்பேன். முனகுகிற வேலை போனால் எனக்கென்ன?

எமோசி தலையாட்டவில்லை. உகுலேலேயைத் துடைக்கிற துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே நின்றான். வருகிற சனிக்கிழமை சிட்னியிலிருந்து பயண ஏற்பாட்டுக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாமே, அவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் எங்களை விடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

பிலிப்பா கொஞ்சம் யோசித்தாள். “சரி, வாசிங்க. ஆனா ஒண்ணு. சாப்பிடறவங்க சாப்பாட்டைக் கவனிக்கணும், உங்களை இல்ல. அது நடந்தா சாப்பாட்டு நேரம் உங்களுக்கு. இல்லன்னா ஸ்பீக்கருக்கு.”

எமோசியின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் வாழ்நாள் பூராவும் சொல்லி வந்ததை ஒருத்தி முதல் தடவையாக அவனிடமே திருப்பிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொப்பரைச் சூளைப் பக்கத்தில் பாய் விரித்து, மயக்கம் தருகிற யங்கோனா வேர்ப்பொடியைப் பெரிய மரக்கிண்ணத்தில் கரைத்து வைத்துக்கொண்டு பாட்டுப் பொறுக்க உட்கார்ந்தோம். வழக்கமாக ஆளுக்கொரு கோப்பை குடித்ததும் பேச்சு மந்தமாகும். அன்றைக்கு எமோசி குடித்த கோப்பையெல்லாம் அவனை உசுப்பிவிட்டது மாதிரி இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான்.

சிட்னிக்காரர்கள் ஆயிற்றே, அவர்களுக்குத் தெரிந்த ஊர்ப் பாட்டாக எடுப்போம் என்றான் தனியேலா. கூடாது என்றான் எமோசி. தெரிந்த பாட்டென்றால் கூடவே பாடுவார்கள். போன மழைக்காலத்தில் ஒருவன் வாய் நிறைய மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு கூடப் பாடினான். புரையேறிக் கண் வெளியே வந்துவிட்டது. அசெனதா ஓடிவந்து முதுகில் வைத்த குத்தில்தான் உயிர் திரும்பியது.

அப்படியானால் தேவாலயப் பாட்டு, மெதுவாகத்தானே இருக்கும் என்றேன். அதுவும் கூடாதாம். தேவாலயப் பாட்டுக் கேட்டால் பரிமாறுகிற நம் பெண்கள் நடு வழியில் நின்று தலையைக் கவிழ்த்துவிடுவார்கள். தலை கவிழ்ந்தால் கை கவிழும். கை கவிழ்ந்தால் சூப்பு யார் மடியில் போகும் என்று என்னைக் கேட்டான்.

காதல் பாட்டு? புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கையால் எப்படிச் சாப்பிடுவது?

ஊர்ப் பெருமைப் பாட்டு? அதைத் தனியேலா கேட்டதும் எமோசி மட்டுமல்ல, நானும் சிரித்துவிட்டேன். ஒருமுறை தனியேலா தன் ஊர்ப் பாட்டைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட்டான். பாத்திரம் கழுவுகிற பெண்கள் இரண்டு பேர் அதே ஊர்க்காரிகள். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் முகப்பவுடர் டப்பாவோடு கூவிக்கொண்டே பாய்ந்து வந்து, நம் வழக்கப்படி பாடுகிறவன் இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டார்கள். பாதிப் பவுடர் பக்கத்து மேசைச் சூப்பில் விழுந்தது. அந்த மனுஷன் தேங்காய்த்தூள் என்று நினைத்துக் கலக்கிக் குடித்துவிட்டு, நல்ல வாசனை என்று பாராட்டிவிட்டுப் போனான்.

“அப்ப எதைத்தான்டா வாசிக்கிறது? மழை பேயற சத்தத்தையா?” என்றான் தனியேலா.

“அந்த மாதிரிதான்” என்றான் எமோசி. கேலிக்குச் சொன்னதை அவன் நிஜமாகவே எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அவன் பொறுக்கியது எல்லாம் ஒன்றுமில்லாத பாட்டுகள். வாழை இலை காற்றில் ஆடுவதைப் பற்றி ஒன்று. துடுப்புப் போடுகிற பாட்டு ஒன்று. யாரோ தூண்டிலை மறந்துவிட்டுக் கடலுக்குப் போன கதை ஒன்று, அதற்கு முடிவே கிடையாது. எந்தப் பாட்டையும் முடிக்கவும் கூடாது என்றான். முடித்தால் தட்டுவார்கள், தட்டினால் கரண்டி கீழே போகும். ஒரு பாட்டு இன்னொன்றாக மாறியது தெரியாமல் மாற வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தான். படகுத்துறையில் தினமும் பாடுகிற விடைப்பாட்டும் அதே சுருதிதான். அது அன்றைக்கு எங்கள் யார் புத்தியிலும் உறைக்கவில்லை.

பிறகு சமையற்கட்டுச் சேதி. முதலில் எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன், அப்புறம் சூப்பு, அப்புறம் தேங்காய்ப்பாலில் பெரிய மீன், கடைசியில் இனிப்பு. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரத்தில் வரும் என்று கேட்டு வரச் சொன்னான். போய்க் கேட்டேன்.

“உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, மீன் பாட்டுக்கு வேகாது, நெருப்புக்குத்தான் வேகும்னு” என்றாள் அசெனதா, கத்தியை நிறுத்தாமல்.

அப்படியே வந்து சொன்னேன். எமோசி யங்கோனாக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். தங்கை வாயிலிருந்து வந்த கேலியை மச்சான் வாய் வழியாகக் கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். மீனுக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன் என்றான். வலை இழுக்கும்போது அவன் அப்பா, அதாவது என் மாமன், முனகுகிற மெட்டு அது. வார்த்தையே இல்லை. முள் எடுக்கிற விரலுக்கு அவசரம் ஆகாது, அதற்கு இதுதான் சரி என்றான்.

“அதுல நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டேன்.

“நீ வழக்கம்போல. வாயை மூடிக்கிட்டு.”

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எங்களுக்குக் கை கால் நிற்கவில்லை. தனியேலா கம்பியை மாற்றினான், மறுபடி பழைய கம்பியையே போட்டான். எமோசி எலுமிச்சை தேய்த்துத் தேய்த்து முழங்கை சிவந்துவிட்டது. சிட்னிக்காரர்கள் காதில் செம்பருத்தி செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பிலிப்பா தூணோடு தூணாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அலமாரியில் அந்தக் கறுப்பு ஸ்பீக்கரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

வாழை இலையில் ஆரம்பித்தோம். பச்சை மீன் வந்தது. முதலில் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி எங்கள் பக்கம் திரும்பினாள். எமோசி உடனே வாசிப்பைக் கொஞ்சம் தணித்தான். அவள் கழுத்து தானாகவே தட்டுக்குத் திரும்பியது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்தது துடுப்பு. சூப்புக் கரண்டிகள் துடுப்பு மாதிரியே எல்லா மேசையிலும் ஒரே சீராக இறங்கி ஏறின. அதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒருத்தனுக்கும் தெரியாமல் ஒரு கூடத்தையே நாங்கள் கையில் பிடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். திருடனுக்குத்தான் அந்த மாதிரி இருக்கும். தனியேலாவைப் பார்த்தேன், அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷத்தை அடக்கிக்கொண்டிருந்தான்.

பெரிய மீன் வந்தது. எமோசி மாமனின் மெட்டுக்கு மாறினான். கூடம் அடங்கிவிட்டது. பேச்சு ஓயவில்லை, ஆனால் குரல்கள் தாழ்ந்துவிட்டன. விரல்கள் நிதானமாக முள் எடுத்தன. பிலிப்பா கட்டியிருந்த கையைத் தளர்த்திவிட்டுத் தூணில் சாய்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சிட்னிக்காரர்களில் ஒருவன் பின்தங்கியிருக்கிறான். விமானத்தளத்தில் மழையாம், மற்றவர்களோடு வர முடியவில்லை. எங்கள் கூடத்துக்கு வருகிற பலகைப் பாதையில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். கடகடகடவென்று பலகை மேல் சக்கரம் உருளுகிற சத்தம்.

அந்தச் சத்தத்தை நாங்கள் தினமும் காலையில் கேட்கிறோம். விருந்தாளி புறப்படுகிறான் என்று அதற்கு அர்த்தம். சக்கரம் உருண்டால் விடைப்பாட்டு எடுக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக எடுத்திருக்கிறோம். எமோசியின் காது அதைக் கேட்டது, கை அவனைக் கேட்கவில்லை. சுருதியும் அதுவே. மாமனின் மெட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு விடைப்பாட்டுக்குள் விழுந்தான். தனியேலா கேள்வியே கேட்காமல் பின்னால் போனான். படகுத்துறையில் நான் முழுக் குரலில் பாடுகிறவன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அந்தக் கூரைக்குக் கீழே என் குரல் முதல் தடவையாக எழுந்தது.

விடைப்பாட்டுக் கேட்டால் சமையற்கட்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். போகிறவருக்குக் கைகொடுக்க எல்லோரும் வரிசையில் வந்து நிற்க வேண்டும், அதுதான் முறை. தட்டிக்குப் பின்னாலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வரிசையாக வந்துவிட்டார்கள். முன்னால் அசெனதா, கையில் அகப்பை. வந்தவன் வாசலில் பெட்டியோடு விழித்துக்கொண்டு நின்றான். ஒரு பெண் ஓடிப்போய் அவன் கழுத்தில் மாலையைப் போட்டாள். வரிசை அவனுக்குக் கைகொடுக்க ஆரம்பித்தது. சிட்னிக்காரர்களும் என்னவோ ஏதோ என்று கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வயசான அம்மாளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“போயிட்டு வாங்க, எங்களை மறந்துடாதீங்க” என்று அசெனதா அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“நான் இப்பதாங்க வர்றேன்” என்றான் அவன்.

அப்போதுதான் எமோசிக்கு உறைத்தது. அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஆனால் நிறுத்தவில்லை. விடைப்பாட்டை நடுவில் அறுத்தால் போகிறவனுக்கு ஆகாது என்று மாமன் சொல்வார். வருகிறவனுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லி வைக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முழுசாகப் பாடி முடித்தோம்.

முடித்ததும் கூரை பிய்கிற மாதிரிக் கைதட்டினார்கள். இன்னொன்று, இன்னொன்று என்றார்கள். துரோகி தனியேலா, தட்டின கைக்கு மயங்கி, ஆட்டத்துக்கான மெட்டைக் கித்தாரில் போட்டுவிட்டான். சிட்னிக்காரர்கள் நம் பெண்களின் இடுப்பில் கைகோத்துக்கொண்டு மணலுக்கு இறங்கிவிட்டார்கள். தனியேலாவும் கித்தாரோடு அவர்கள் பின்னாலேயே போய்விட்டான். மேசைகளில் மீன் பாதி பாதியாக ஆறிக் கிடந்தது.

பிலிப்பா சிரித்துக்கொண்டே வந்தாள். பிரமாதம், இனிமேல் தினமும் சாப்பாடு முடிந்ததும் இதே மாதிரி பாட்டும் ஆட்டமும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாயைத் திறந்து பாடுகிற வேலை! தலையாட்டப் போனேன், கணுக்காலில் உதை விழுந்தது.

“அப்ப சாப்பாட்டு நேரம், மேடம்?” என்று கேட்டான் எமோசி.

“அதுக்குத்தான் ஸ்பீக்கர் இருக்கே. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களைப் பாதியில எழுப்பிவிட்டுட்டீங்களே, எமோசி.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது நிஜம். கைதட்டல் கேட்ட மற்ற எவனாக இருந்தாலும் அந்நேரம் மாலையும் கழுத்துமாக மணலில் ஆடிக்கொண்டிருப்பான். இவன் வலை கிழிந்தவன் மாதிரிப் பாயில் உட்கார்ந்திருந்தான்.

காலிக் கூடத்தில் அந்தப் பின்தங்கி வந்தவன் மட்டும் ஒரு மேசையில், கழுத்தில் மாலையோடு, எதிரே வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எமோசி அவன் கைகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எதிரே இருந்த தூணிடம் சொன்னான்:

“இன்னும் ஒருத்தர் சாப்பிடல. யாராச்சும் மீன் வச்சா நல்லா இருக்கும்.”

நான் சேதி கொண்டுபோக எழுந்தேன். அதற்குள் தட்டிக்குப் பின்னால் அசெனதாவின் குரல், அதுவும் சுவரைப் பார்த்துத்தான்:

“மீன் இருக்கு. சுட வைக்கணும். அதுவரைக்கும் யாராச்சும் வாழை இலைய வாசிச்சா நல்லா இருக்கும்.”

அண்ணன் தங்கை இருவருக்கும் நடுவில் நான் வேலையில்லாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

எமோசி முதலிலிருந்து ஆரம்பித்தான். தனியேலா மணலில் இருந்ததால் உகுலேலேயும் என் ஒற்றைக் கயிறும்தான். பச்சை மீன் வந்தது. அந்த மனுஷன் பசியோடு சாப்பிட ஆரம்பித்தான். பிலிப்பா வந்து, நடந்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததைக் கண்டதும் அசெனதா கேட்காமலே அவளுக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பிலிப்பா வேண்டாம் என்று கையை அசைத்தாள். பேச்சு மும்முரத்தில் அந்தக் கையே கரண்டியை எடுத்துக்கொண்டது.

எமோசிக்கு இப்போது பார்க்க இரண்டு பேர் கைகள்தான். ஆனால் அவன் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. கூடம் நிறைந்திருந்தபோதுகூட அப்படி இல்லை. அவள் வேகமாக அள்ளினால் இவன் கொஞ்சம் இழுத்தான். அவள் நிதானத்துக்கு வந்ததும் இவனும் வந்தான். சூப்பு போயிற்று. மீன் வந்தது, மாமனின் மெட்டு வந்தது. நான் அன்றைக்கு முனகியது மாதிரி அதற்கு முன்னால் முனகியதில்லை. தொண்டையில் அவ்வளவு குரலை வைத்துக்கொண்டு அதை மூக்குக்கு மேலே விடாமல் பிடித்திருப்பது, முண்டுகிற பன்றியைக் கயிற்றில் பிடிக்கிற மாதிரி. வெளியே மணலில் கூச்சல். உள்ளே இரண்டு பேர் முள் எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் அம்மா மீன் சமைப்பதைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனிப்பும் வந்தது. பிலிப்பா மீன் தட்டை விடாமல், மிச்சமிருந்த தேங்காய்ப்பாலை ஒரு துண்டு மரவள்ளியால் சுற்றித் துடைத்துச் சாப்பிட்டாள். நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். யதேச்சையாகத் திரும்பினவள் எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனாள்.

“ஐயோ, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா? உங்களை மறந்தே போயிட்டேன்.”

எமோசியின் கால் என் கணுக்காலில் மோதியது. உதை இல்லை.

“கேட்டியா மச்சான்?” என்றான் மெதுவாக. “போய் உள்ள சொல்லு. அவங்க சொன்ன மாதிரியே சொல்லு, ஒரு வார்த்தை குறையாம.”

போய்ச் சொன்னேன். அசெனதா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தின நாள் மாதிரிக் கேலி எதுவும் சொல்லாமல், முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது பிலிப்பா கூடத்தின் நடுவில் நின்று காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அலமாரியைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தாள்.

“சாப்பாட்டு நேரம் உங்களுக்குத்தான்” என்றாள். “ஆனா இனிமே பெட்டி இழுக்கறவங்களைப் பின்வழியாத்தான் விடணும்.”

ஸ்பீக்கர் அவள் அறைக்குப் போயிற்று. இன்றைக்கும் எங்கள் ஓட்டலில் சாப்பாட்டு வேளையில் பலகைப் பாதையில் சக்கரப் பெட்டி இழுக்க விட மாட்டார்கள். ஏன் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. சாப்பாடு முடிந்த பிறகு மணலில் ஆட்டமும் வந்தது, அதில் நான் வாயைத் திறந்துதான் பாடினேன். எமோசி அதற்கு இருக்க மாட்டான். உகுலேலேயை இடுக்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்குப் போய்விடுவான்.

போன வருஷம் அவனுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிரிஸ்பேனில் நர்ஸ் வேலை பார்க்கிற மகள், பேரப்பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், முட்டியையும் பார்க்கலாம் என்று கூப்பிட்டாள். போகிறேன் என்றான்.

அவன் கிளம்புகிற காலை ஓட்டலில் இருந்த அத்தனை பேரும் படகுத்துறையில் வரிசை கட்டிவிட்டோம். மாலைகளும் இருந்தன, பவுடர் டப்பாவும் இருந்தது. அசெனதா வரிசையின் கடைசியில், அவன் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றாள். தனியேலா கித்தாரைச் சுருதி கூட்டிவிட்டான். நான் விடிகாலையிலேயே வெந்நீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்து வைத்திருந்தேன். மச்சானுக்கு எடுக்கிற விடைப்பாட்டு, அடுத்த தீவு வரைக்கும் கேட்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். இத்தனை வருஷம் அடக்கினதற்கெல்லாம் சேர்த்து.

பலகைப் பாதையில் எமோசி வந்தான். மகள் அனுப்பின புதுப் பெட்டி, சக்கரம் வைத்தது. அதை இழுக்கவில்லை. அந்த முட்டியோடு, தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். சக்கரம் ஒன்று அவன் காதோரம் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் கைகொடுத்தான். தங்கைக்கு முன்னால் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான், அவளும் குனிந்துகொண்டாள். கடைசியாக என்னிடம் வந்து, பெட்டியை இறக்காமலே, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னான்:

“மச்சான், அந்தப் பாட்ட எடுக்காதே. மீன் வர்ற நேரத்துப் பாட்ட வாசி. வாயைத் திறக்காதே. நான் போனது யாருக்கும் தெரியக் கூடாது.”